"நர்சிங்தானே படிக்கிறாய், ஒரு மாத்திரை சொல்லேன்"

பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்த முதல் மாதமே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பது ஹாஸ்டல் தோழியாக இருக்கும், இல்லையென்றால் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த நண்பனாக இருக்கும். தெரியாது என்று சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் சட்டென்று ஒரு மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுவதுதான் முதல் தவறு.

இரண்டாம் ஆண்டில் நானும் இதைச் செய்தேன். காய்ச்சல், உடம்பெல்லாம் வலி என்று போன் செய்த தோழியிடம், வார்டில் தினமும் பார்த்துப் பழகிய டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைச் சொன்னேன். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு நாளில் ஈறில் ரத்தம் கசிந்து அவளை அட்மிட் செய்தார்கள். டெங்கு. பிழைத்து வந்தாள். ஆனால் அந்த இரண்டு நாளை என்னால் மறக்க முடியவில்லை.

டெங்குவில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். அந்த நேரத்தில் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். அதனால்தான் என்ன காய்ச்சல் என்று தெரியும்வரை பாரசிட்டமாலோடு நிறுத்துகிறார்கள். அதற்கும் கணக்கு உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4,000 மி.கி.தான் உச்சம், 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3,900 ஆகிவிடுகிறது. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருக்கிறது, அதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. கல்லீரல் கோளாறு இருப்பவர்களுக்கு இந்த அளவே அதிகம்.

"காய்ச்சல் விட்டுடுச்சு" என்றதும் நிம்மதியாகிவிடுவதும் தவறுதான். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் நிலைமை மோசமாகலாம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, அசதி என்று எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

"அப்பாவுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்காம், கேஸ்தானே?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போனில் அதைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. 108-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள். மீதமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைப் போடலாமா என்றால், வேண்டாம். வார்டில் பார்த்த நோயாளியின் கதையை உதாரணமாகச் சொல்வதும் வேண்டாம், பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "டாக்டரைப் பார்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுவதும் சரியில்லை. மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமை மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸுக்கே பொதுவாகக் கிடையாது, மாணவிக்கு எங்கிருந்து வரும்? ஆனால் கேள்வி கேட்கத் தடை இல்லை. எத்தனை நாளாக இருக்கிறது? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய்? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? சர்க்கரை, கர்ப்பம் ஏதாவது உண்டா? பதில்களை அவர்களையே ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது. மனம் உடைந்து பேசினால் 14416, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். உயிரை விடுவதாகப் பேசினால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அவர்களைத் தனியே விடாமல் நம்பிக்கையான ஒரு பெரியவரைக் கூட்டி வாருங்கள்.

அப்புறம், மறுநாள் காலையில் நீங்களே ஒரு போன் செய்து, போனார்களா, என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். போகவில்லை என்றால், டூட்டி முடிந்ததும் கூடப் போய்வாருங்கள்.