மாற்றுத்திறனாளிகளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் பேசுவது எப்படி?

நான் சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத ஒருவர் புகார் கொடுக்க வந்து, அவர் சொல்வது ரைட்டருக்குப் புரியாமல், ரைட்டர் கேட்பது அவருக்குப் புரியாமல் திண்டாடும்போதுதான் பெரும்பாலும் எனக்குப் போன் வரும். அதற்குள் பாதி நாள் போயிருக்கும். அதனால் யோசனை கேட்கும் இன்ஸ்பெக்டர்களிடம் நான் சொல்வது இதுதான்: வழக்கு, தகராறு எதுவும் இல்லாத ஒரு நாளில் உங்கள் எல்லையில் வசிக்கும் மாற்றுத்திறனாளிகளைக் கூப்பிட்டு, ஸ்டேஷனில் என்ன மாற வேண்டும் என்று கேளுங்கள்.

சங்கங்களின் விவரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். தலைவரை மட்டும் அழைத்து, சால்வை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிடாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், காது கேளாத பெண், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் அம்மா என்று கலந்து ஏழெட்டுப் பேர் போதும். ஆட்டோ செலவைக் கொடுத்துவிடுங்கள்.

வந்தவர்களைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போக வேண்டாம். கேட்டிலிருந்து ரைட்டர் மேஜை வரை அவர்களாகவே வரட்டும், நீங்கள் பின்னால் நடந்து பாருங்கள். சாய்தளம் இருக்கும், அதன் அடியில் பறிமுதல் செய்த பைக்குகளும் நிற்கும்! ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். மூன்றடிப் பலகையைச் சாய்த்து வைத்தால் அது சறுக்குமரம்தான்.

அப்புறம் பட்டியல். சைகை மொழிபெயர்ப்பாளர், சிறப்பாசிரியர், சட்ட உதவி தருபவர் ஆகியோரின் விவரம் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இருக்க வேண்டும் என்று பட்டான் ஜமால் வலி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது. மாற்றுத்திறனாளிப் பெண் பாலியல் குற்றம் பற்றிப் புகார் தந்தால், அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் முன்னிலையில் பதிவு செய்து வீடியோவும் எடுக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு. யார் வருவார், இரவில் வருவாரா, யாருக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்பதையெல்லாம் இந்தக் கூட்டத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிக்கே போகாத சிலருக்கு வீட்டுச் சைகை மட்டும்தான் தெரியும். அவர்களிடம் நான் தனியாகப் போனால் போதாது. அந்தச் சைகை பிடிபடும் காது கேளாத ஒருவரும் கூட வர வேண்டும்.

வீட்டு ஆட்களை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அடித்தவர் அண்ணனாக இருந்து, அண்ணனே சைகையை விளக்கினால் எஃப்ஐஆரில் என்ன வரும்?

வீடியோ எடுக்கும்போது முகத்துக்கு மட்டும் கேமராவைக் கொண்டுபோகிறார்கள். சைகை மொழியில் சாட்சி சொல்வது கையும்தான். இடுப்பு வரை தெரியட்டும், மொழிபெயர்ப்பாளரும் அதே ஃபிரேமுக்குள் இருக்கட்டும். கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்காமல் அவரைப் பார்த்துக் கேளுங்கள். காது கேளாதவரைக் கைது செய்து கையைப் பின்னால் கட்டினால், அவர் வாயைக் கட்டியதாகவே அர்த்தம். எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது.

மற்றவற்றை அவரவரே சொல்வார்கள். பார்வையற்றவர், கையெழுத்துப் போடும் முன் முழுப் புகாரையும் வாசித்துக் காட்டச் சொல்வார். அந்த அம்மா, "ஆமாவா, இல்லையா என்று கேட்டால் என் பையன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பான் சார், என்ன நடந்தது என்று கேளுங்கள்" என்பார்.

நீங்கள் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதும் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் 7ஆம் பிரிவின்படி, வன்முறை பற்றிப் புகார் வந்தால் பாதுகாப்புக் கேட்கும் உரிமை, அதற்கான நிர்வாக நடுவர் (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) யார், இலவச சட்ட உதவி ஆகியவற்றைப் போலீஸ்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். பலர் பார்க்க வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. வரவேற்பு மேஜையில் இருப்பவருக்கு இது தெரிய வேண்டும்.

அடுத்த கூட்டத்தில், போன முறை கேட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். காசில்லை என்றால் காசில்லை என்றே சொல்லலாம். காது கேளாதவர்கள் செய்தி அனுப்ப ஒரு வாட்ஸ்ஆப் எண் கொடுங்கள். அது ஸ்டேஷன் போனில் இருக்கட்டும். உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்தால், மாறுதல் வரும் நாளில் அதுவும் உங்களோடு அடுத்த ஊருக்குப் போய்விடும்.