உப்புக் காற்றும் கியர் கேபிளும்

திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். என்னிடம் இருப்பது விலை குறைந்த ரோட் பைக்தான் (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்), ஆனால் எனக்கு உயிர். போன மாதம் ஈசிஆரில் மிதிக்கும்போது, பின்னால் செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறாமல் கடகடவென்று அரைத்தது. கடையில், செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டிரெய்லியரையே மாற்றச் சொன்னார்கள். மனசு கேட்கவில்லை.

டிரெய்லியரை இழுக்கும் கியர் கேபிளை உருவினேன். உப்புக் காற்றில் துருப்பிடித்து, உறைக்குள் சிக்கிச் சிக்கி வந்தது. கம்பி, உறை இரண்டையும் புதிதாகப் போட்டேன். அப்புறம் டிரெய்லியரில் கேபிள் நுழையும் இடத்துத் திருகை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி, மிதித்துப் பார்த்து, மறுபடி கால் சுற்று. மூன்றாவது தடவை சத்தம் அடங்கியது. அவசரப்பட்டு முழுச் சுற்று திருப்பிவிடாதீர்கள்.

டயரையும் 23 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 25க்கு மாற்றினேன். ஃபிரேமில் இடைவெளி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையில் அதிர்வு நன்றாகக் குறைந்திருக்கிறது.