அழித்தாலும் திரும்பி வரும் பிரவுசர் ஹைஜாக்கர்: வேரோடு எடுப்பது எப்படி

குரோமைத் திறந்ததும் நீங்கள் வைக்காத தேடல் பக்கம் வருகிறது. இப்படி பிரவுசரின் அமைப்புகளைக் கைப்பற்றும் மென்பொருள்தான் பிரவுசர் ஹைஜாக்கர். செட்டிங்ஸில் கூகுளை மாற்றி வைத்தாலும், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய கதைதான். பிரவுசருக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒன்று அதை மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதை விட்டுவிட்டு எக்ஸ்டென்ஷனை (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரலை) மட்டும் நீக்குவதால்தான் பலருக்கும் இது தீருவதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் வெளியிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். முடியும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம்.

முதலில் குரோமில் சிங்க் (Sync) வசதியை, அதாவது கூகுள் கணக்கோடு தரவைப் பகிர்ந்து ஒத்துவைப்பதை, நிறுத்துங்கள். இல்லாவிட்டால் நீக்கிய எக்ஸ்டென்ஷன் கூகுள் கணக்கிலிருந்தே மறுபடி இறங்கிவிடும்.

அடுத்து, விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதிப்படி அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி வந்த பிடிஎஃப் கன்வெர்ட்டர், வீடியோ டவுன்லோடர், கிராக் மென்பொருள் எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். நெட்வொர்க் பகுதியில் நீங்கள் வைக்காத ப்ராக்ஸி (இணையத் தொடர்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் அமைப்பு) இருந்தால் அணைத்துவிடுங்கள்.

திரும்பி வருவதற்கான வேர் பெரும்பாலும் டாஸ்க் ஷெட்யூலரில், அதாவது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் விண்டோஸ் கருவியில், இருக்கும். ஒவ்வொரு டாஸ்க்கிலும் ஆக்‌ஷன்ஸ் பகுதியைப் பாருங்கள். ஸ்கிரிப்ட்களை இயக்கும் விண்டோஸ் நிரல்களான பவர்ஷெல்லோ டபிள்யூஸ்கிரிப்டோ, ஆப்டேட்டா (AppData) ஃபோல்டரில் உள்ள புரியாத பெயர்கொண்ட கோப்பை இயக்கினால் சந்தேகப்படுங்கள். ஆப்டேட்டாவில் இருப்பதாலேயே தவறு என்றாகாது; ஒன்டிரைவும் அங்கிருந்துதான் இயங்குகிறது. அதனால் முதலில் டிஸேபிள் செய்து, இரண்டொரு நாள் பார்த்துவிட்டு அழியுங்கள்.

குரோமின் மூன்று புள்ளி மெனுவில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரி இருக்கிறதா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம்? முகவரிப் பட்டையில் chrome://policy என்று அடித்துப் பாருங்கள்; குரோம் மீது திணிக்கப்பட்ட பாலிசிகளின், அதாவது கட்டாய விதிகளின், பட்டியல் வரும். எக்ஸ்டென்ஷன்இன்ஸ்டால்ஃபோர்ஸ்லிஸ்ட் (ExtensionInstallForcelist) என்ற பெயர் தெரிந்தால், அந்த எக்ஸ்டென்ஷனுக்கு நீக்கும் பட்டன் வேலை செய்யாததன் காரணம் அதுதான். விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் லோக்கல் மெஷின் (HKEY_LOCAL_MACHINE), கரண்ட் யூசர் (HKEY_CURRENT_USER) இரண்டிலும் சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்று இறங்குங்கள். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் செய்து நகல் வைத்துக்கொண்ட பிறகே அந்தக் குரோம் கீயை அழியுங்கள். சில ஆன்டிவைரஸ்களும் இங்கே பாலிசி வைப்பதுண்டு. அலுவலக லேப்டாப்பில் இதைத் தொடவே கூடாது.

டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஷார்ட்கட்டின் ப்ராப்பர்டீஸில் டார்கெட் வரியைப் பாருங்கள். கடைசியில் இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை மட்டும் நீக்குங்கள்.

இப்போதுதான் எக்ஸ்டென்ஷனை நீக்கி, குரோமை ரீசெட் செய்ய வேண்டும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது. திரை ஓரத்தில் ‘வைரஸ்’ என்று மிரட்டும் அறிவிப்புகள் வேறு வகை. ஏதோ ஒரு தளத்தில் தெரியாமல் ‘அலவ்’ அழுத்தியிருப்பீர்கள். சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்தத் தளத்தை எடுத்தாலே நின்றுவிடும்.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும் என்பதால் திறந்த வேலைகளைச் சேமித்துவிடுங்கள். சுமார் 15 நிமிடம் பிடிக்கும். விண்டோஸ் ஏறும் முன்பே ஓடுவதால், ஒளிந்திருப்பதும் சிக்கும். கூடவே மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் விளம்பர மென்பொருள் நீக்கியான ஆட்வ்கிளீனரை (AdwCleaner) அவர்கள் தளத்திலிருந்தே இறக்கி ஓட்டுங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பரத்தை நம்பாதீர்கள். பழைய வீடியோக்கள் காட்டும் குரோமின் சொந்த கிளீனப் வசதி 2023-லேயே எடுக்கப்பட்டுவிட்டது.

பாஸ்வேர்டுகளைச் சுத்தமான வேறொரு கருவியில் மாற்றுங்கள். மின்னஞ்சல் முதலில், வங்கி அடுத்து. ஒவ்வொன்றிலும் ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் அழுத்துங்கள். நீங்கள் லாகின் செய்ததைத் தளம் நினைவில் வைக்க உதவும் சிறு கோப்பான குக்கீயைத் திருடியவருக்குப் பாஸ்வேர்டு தேவைப்படாது.