புகை மணக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கியை ருசிப்பது எப்படி? முதல் பாட்டில் வாங்கியவர்களுக்கு

ஸ்காட்லாந்துப் புகை விஸ்கியான லாஃப்ராய்க்கின் மூடியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறதே, இதற்கா இவ்வளவு காசு என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன். பாட்டிலில் கோளாறு எதுவும் இல்லை. அந்த வாடை அங்கே இருக்க வேண்டியதுதான். ஆனால் அதற்குப் பின்னால் எலுமிச்சை, வெண்ணிலா, உப்பு, பழம் என்று நிறைய இருக்கிறது, முதல் மடக்கோடு நிறுத்திவிட்டால் அதில் எதுவுமே கைக்கு வராது. சிங்கிள் மால்ட் என்றால் மால்ட்டை, அதாவது முளைவிட்டு உலர்த்திய பார்லியை மட்டும் வைத்து ஒரே வடிசாலையில் காய்ச்சிய விஸ்கி, அதற்கு மேல் விளக்கத்தை விட்டுவிடுகிறேன்.

புகை எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய ஐலா தீவில் மரம் குறைவு, அதனால் காலங்காலமாக அங்கே அடுப்பெரித்தது பீட்தான். சதுப்பு நிலத்துப் பாசியும் செடிகொடிகளும் முழுசாக மட்காமல் அமுங்கி, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் என்று சேர்ந்து உருவாகிற கறுப்பு மண் அது. முளைவிட்ட பார்லியை உலர்த்தும்போது, அதில் ஈரம் இருக்கும்போதே கீழே பீட்டை எரித்துப் புகையேற்றுகிறார்கள். புகையில் உள்ள ஃபீனால்கள் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றில் குவாயகால் விறகுப் புகையின் வாசம் தரும், கிரெசால் தார், மருந்து பக்கம் இழுக்கும். நாம் தரை துடைக்கிற கறுப்பு ஃபினாயிலிலும் இதே குடும்பத்துச் சேர்மங்கள் இருக்கின்றன, அதனால்தான் மூக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறது.

1. பாட்டில்

இன்னும் வாங்கவில்லை என்றால் போமோர் 12 அல்லது கல் ஈலா 12-இல் தொடங்குங்கள் (பெயருக்குப் பின்னால் வரும் எண், விஸ்கி பீப்பாயில் கிடந்த குறைந்தபட்ச ஆண்டுகள்), அடுத்தது லாகவுலின் 16, அப்புறம்தான் லாஃப்ராய்க் 10-உம் ஆர்ட்பெக் 10-உம். 50 மி.லி. மினியேச்சர் கிடைத்தால் இன்னும் நல்லது. பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். அது புகையேற்றிய மால்ட்டில் அளந்த ஃபீனால் அளவு, பாட்டிலில் இருப்பது அல்ல. காய்ச்சி வடிப்பதில் கொஞ்சம் போகும், பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடப்பதில் இன்னும் கொஞ்சம் குறையும். லாகவுலினும் கல் ஈலாவும் சுமார் 35 பிபிஎம் மால்ட்டைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் ஒன்று கனமாக, எண்ணெய்ப் பசையோடு வரும், மற்றது லேசாக, சுத்தமாக வரும். வடிகலனின் வடிவமும் வடிக்கும் விதமும் செய்கிற வேலை அது.

2. கிளாஸ்

அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் வேண்டும். க்ளென்கேர்ன் என்கிற விஸ்கி கிளாஸ் இருந்தால் அதுதான் என் தேர்வு, இல்லாவிட்டால் சின்ன வைன் கிளாஸ் போதும். வாய் அகன்ற கனத்த டம்ளர் வேண்டவே வேண்டாம், வாசம் நாலாபக்கமும் போய்விடும். 30 மி.லி. ஊற்றுங்கள், அன்றைக்கு அது போதும். ஐஸும் சோடாவும் வேண்டாம், குளிர்ந்தால் வாசம் அடங்கிவிடும். அதே சமயம் 35 டிகிரி வெயில் நாளில் அறையிலேயே கிடந்த பாட்டிலும் சரிப்படாது, ஆல்கஹால் எழும்பி மூக்கைக் குத்தும். ஏசி அறையில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஊற்றுங்கள். ஊதுபத்தி, செண்ட் எல்லாம் தள்ளியே இருக்கட்டும்.

3. முகர்வது

ஊற்றியதும் பத்து நிமிடம் தொடாதீர்கள். பிறகு கிளாஸை முகவாய்க்குக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு மெல்ல மேலே கொண்டுவாருங்கள். வாய் திறந்திருந்தால் காரம் ஏறாது. மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் ஆல்கஹால் தாக்கி அடுத்த சில நிமிடங்களுக்கு எதுவும் தெரியாது.

முதலில் வருவது புகை மட்டும்தான். கிளாஸைத் தள்ளி வைத்து, உங்கள் சட்டைக் கையை ஒரு தடவை முகர்ந்துவிட்டு மறுபடி முகருங்கள். ஒரே வாசத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மூக்கு அதைக் கண்டுகொள்ளாமல் விட ஆரம்பிக்கும், அது இங்கே நமக்கு உதவி. மூன்றாவது நான்காவது தடவையில் புகை பின்னால் போய், எலுமிச்சைத் தோலோ வெண்ணிலாவோ தலைகாட்டும். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைத் தேட வேண்டாம். கருவாடு, பனங்கற்கண்டு, ஈரச் சாக்கு என்று உங்களுக்குத் தோன்றினால் அதையே குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த பாட்டிலோடு ஒப்பிட அந்தக் குறிப்புதான் உதவும்.

4. முதல் மடக்கு

சின்ன மடக்காக, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்குங்கள். இதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், வாய் ஆல்கஹாலுக்குப் பழகவே இது. இரண்டாவது மடக்கை கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து, விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். புகையின் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் திரும்பி வரும்.

5. தண்ணீர்

இங்கேதான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள், ஒன்று தண்ணீரே கூடாது என்பார்கள், அல்லது கிளாஸைச் சாய்த்து ஊற்றிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். மருந்துக் கடையில் கிடைக்கும் டிராப்பரை வாங்கிக்கொள்ளுங்கள், ஸ்பூனைவிட அது எவ்வளவோ மேல், ஏனென்றால் சேர்த்த தண்ணீரைத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டு மூன்று சொட்டு விட்டு, லேசாகச் சுழற்றி, ஒன்றிரண்டு நிமிடம் காத்திருந்து முகருங்கள். பிறகு ஒரு மடக்கு. பிறகு இன்னும் இரண்டு சொட்டு. 2017-இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினியில் மூலக்கூறுகளின் நகர்வைக் கணித்துப் பார்த்தார்கள். ஆல்கஹால் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்கும்போது குவாயகால் திரவத்தின் மேற்பரப்பில் தங்குகிறது, 59 சதவீதத்துக்கு மேல் போனால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. அதனால் 60 சதவீதம் பக்கம் நிற்கிற காஸ்க் ஸ்ட்ரெங்த் (தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்த வீரியத்திலேயே அடைத்த) பாட்டிலுக்குத் தண்ணீர் தாராளமாகவே வேண்டும். 46 சதவீத ஆர்ட்பெக்குக்குச் சில சொட்டு போதும், 40 சதவீத போமோருக்கு நான் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் விடுவதில்லை.

பின்சேர்க்கை: தண்ணீர் விட்டதும் மருந்து வாடை அதிகமாகிவிட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார், விசாரித்தால் குழாய்த் தண்ணீர். குளோரின் ஃபீனாலோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் உருவாகும், மிகக் கொஞ்சம் இருந்தாலே மருந்து நெடி அடிக்கும். ஆர்.ஓ. தண்ணீரோ பாட்டில் தண்ணீரோ பயன்படுத்துங்கள். இன்னொருவருக்கு ஆர்ட்பெக் கலங்கிப்போனதாம். குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டிக் கலங்கலை நீக்குவது) செய்யாத விஸ்கியில் தண்ணீர் சேர்த்தால் அதிலுள்ள கொழுப்பமில எஸ்டர்கள் பிரிந்து அப்படித்தான் மங்கும், கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரே இரவில் வேறு விஸ்கியும் ருசிப்பதாக இருந்தால் புகை விஸ்கி கடைசியில் வரட்டும், முன்னால் குடித்தால் அடுத்தது எல்லாமே புகையாகத்தான் தெரியும். பாட்டிலை நிறுத்தியே வையுங்கள், படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். பாதிக்குக் கீழே போன பாட்டிலில் காற்று புகுந்து புகையின் கூர்மை மெல்லக் குறையும், அதனால் சின்னப் பாட்டில் ஒன்றுக்கு மாற்றி, விளிம்பு வரை நிரப்பி மூடிவிடுங்கள்.