எல்லை, நீர், நடை: சுண்டிக்குளத்தை முன்வைத்து ஒரு தேசிய பூங்காவைப் பேணும் முறை

யாழ்ப்பாணத்தில் காடு என்று சொன்னால் பெரும்பாலானோர் ஆனையிறவைத் தாண்டி வன்னியையே நினைக்கிறார்கள். குடாநாட்டின் பனங்கூடல்களையும், தாழை மண்டிய மணல் மேடுகளையும், களப்போரக் கண்டல்களையும் யாரும் காடென்று எண்ணுவதில்லை. ஆயினும் வடமராட்சி கிழக்கின் தென்முனையிலிருந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்கள் வரை விரிந்து கிடக்கும் சுண்டிக்குளம் களப்புப் பகுதி 1938 ஆம் ஆண்டு பெப்ரவரி 25 ஆம் திகதியிலிருந்து பறவைகள் சரணாலயமாக இருந்து, 2015 ஆம் ஆண்டு ஜூன் 22 ஆம் திகதி ஏறத்தாழ 19,565 ஹெக்டயர் பரப்புள்ள தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்டது. நெடுந்தீவில் 1,846 ஹெக்டயர் நிலமும் அதே ஆண்டில் தேசிய பூங்காவானது.

வனவிலங்குப் பணியில் புதிதாகச் சேருபவர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து உழைக்க முன்வரும் கடற்றொழிலாளர் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், பாடசாலைச் சூழல் கழகங்கள் ஆகியவற்றுக்கும் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன். இதில் நான் வற்புறுத்துவது வேலைகளின் ஒழுங்கு முறையை. எல்லை முதலில் வர வேண்டும், அதன்பின் நீர், அதன்பின் கால்நடையாகச் செய்யும் சுற்றுக்காவல், மரநடுகை இவை அனைத்துக்கும் பின்னர். நம் பகுதியில் இந்த ஒழுங்கு பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது. முதல் நாளே கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்பது பத்து ஆண்டுகள் கடந்தும் தெரிவதில்லை.

சட்டமும் எல்லையும்

இலங்கையில் காடுகளை இரண்டு திணைக்களங்கள் பார்க்கின்றன என்பதை முதலில் மனதில் இருத்த வேண்டும். தேசிய பூங்காக்களும் சரணாலயங்களும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 1949 இல் உருவான வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. ஒதுக்குக் காடுகள் 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வனத் திணைக்களத்திடம் உள்ளன. ஒரு மரம் வெட்டப்பட்டதாக முறைப்பாடு வந்தால், அது யாருடைய நிலத்தில் நின்ற மரம் என்பதைத் தீர்க்காமல் புறப்படுபவர் பாதி வழியில் திரும்பி வர நேரிடும். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது என்ற 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துப் படித்து வைப்பது நன்று. பனைக்கூடல்கள் நிறைந்த நம் பகுதியில் அது அடிக்கடி தேவைப்படும்.

சரணாலயத்துக்கும் தேசிய பூங்காவுக்கும் உள்ள வேறுபாடு சொல் வேறுபாடு மட்டுமன்று. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம். தேசிய பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும், அதற்குள் நுழைவதற்கே அனுமதிச்சீட்டு வேண்டும். பூங்கா எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள் அபிவிருத்தி வேலை எதைச் செய்வதென்றாலும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் எழுத்து மூலமான முன் அனுமதி தேவை. போரினால் இடம்பெயர்ந்து திரும்பி வந்த மக்கள், தாங்கள் முன்பு பயிர் செய்த நிலம் எல்லைக்குள் அடங்கிவிட்டது என்று வடக்கில் பரவலாக முறையிடுகிறார்கள். அந்த முறைப்பாட்டைக் காட்டுக்கு எதிரான குரலாகக் கருதுபவரால் இங்கே வேலை செய்ய முடியாது. உறுதியும் அனுமதிப்பத்திரமும் வைத்திருப்பவரின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டு, பிரதேச செயலகத்தின் காணிப் பதிவோடும் நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்தோடும் ஒப்பிட்டுத் தீர்க்க வேண்டும். பிணக்குத் தீராத எல்லையைக் காக்க எத்தனை காவலரை நிறுத்தினாலும் போதாது.

ஆகவே முதல் மாதத்தில் செய்ய வேண்டியது இதுதான்: வர்த்தமானி அறிவித்தலில் உள்ள எல்லை விவரத்தை எடுத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு, கிராம அலுவலரையும் அந்த ஊரின் மூத்த மீனவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு எல்லை முழுவதையும் நடக்க வேண்டும். கல் இருக்கும் இடம், கல் சாய்ந்த இடம், கல்லே இல்லாத இடம் ஆகியவற்றை ஜி.பி.எஸ். புள்ளியோடு குறித்துக்கொள்ள வேண்டும். மூத்தவரைக் கூட்டிச் செல்வதற்குக் காரணம் உண்டு. வரைபடத்தில் வெறும் கோடாகத் தெரிவது அவருக்கு மாட்டுப்பாதையாகவும், பழைய கரைவலை வாடியாகவும், கோயிலுக்குப் போகும் ஒழுங்கையாகவும் தெரியும். வழக்கமாக மக்கள் நடந்து வந்த பாதை எது, புதிதாக டிப்பர் போட்ட தடம் எது என்பதை அவரே பிரித்துச் சொல்லுவார்.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முகமாலை, ஆனையிறவு, சுண்டிக்குளம் என நீண்ட இந்த நிலம் போர்முனையாக இருந்தது. கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதென்று உறுதி செய்யப்படாத துண்டுக்குள் எவரும் கால் வைக்கக் கூடாது. சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் அதைத் தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே பின்வாங்கி, பாதுகாப்பான இடத்தில் நின்று அடையாளம் இட்டுப் பொலிஸாருக்கு அறிவிக்க வேண்டும்.

நீரைப் படித்தல்

மலைக்காட்டில் மரம் எதுவோ, சுண்டிக்குளத்தில் நீர் அது. கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் மாரியில் கொண்டுவரும் நன்னீர், மணல் திட்டு உடைந்து உள்ளே வரும் கடல்நீர், கோடையின் வெயில், சோளகக் காற்று ஆகியவை சேர்ந்துதான் அந்தக் களப்பு எந்த மாதம் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கப்பட்டால் அந்த நீர் வந்து சேருமிடமும் இதுதான். எனவே நீர்ப்பாசனத் திணைக்களத்தோடு தொடர்பு வைத்திராத பூங்கா உத்தியோகத்தர் தன் பூங்காவின் தலைமாட்டில் நடப்பதை அறியாதவராகவே இருப்பார்.

நடைமுறையில் செய்வது கடினமன்று. களப்பின் மூன்று அல்லது நான்கு இடங்களில் சென்ரிமீற்றர் குறியிட்ட கம்பம் ஒன்றை உறுதியாக நட்டு, ஒவ்வொரு நாளும் காலையில் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை உவர்த்தன்மையை அளவுங்கள்; கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ளது என்பதை அளவுகோலாக வைத்துக்கொண்டால், கோடையின் இறுதியில் களப்பின் ஒதுங்கிய மூலைகள் கடலையும் மிஞ்சி உவர்ப்பதைக் காணலாம். மழைமானி ஒன்றும் வேண்டும். இந்த மூன்று எண்களையும் ஓர் ஆண்டு முழுவதும் விடாமல் எழுதியவருக்குப் பறவைகள் ஏன் ஓரிடத்தை விட்டு இன்னோர் இடத்துக்குப் போயின என்பதை எவரும் விளக்க வேண்டியிராது. நீளக்கால் கொண்ட பூநாரை முழங்காலளவு நீரிலும் நின்று மேயும். ஊசிவால் வாத்து போன்றவை தலையை நீருக்குள் கவிழ்த்து மேய்வதால் அவற்றுக்கு ஆழம் குறைந்த நீர் வேண்டும். சிறு உள்ளான்களுக்கோ சேறும் அதன்மேல் ஓரிரு விரற்கடை நீரும் போதும். நீர்மட்டம் ஒரு முழம் ஏறினாலோ இறங்கினாலோ விருந்தாளிகள் மாறிவிடுகிறார்கள்.

மணல் திட்டை எப்போது வெட்டிவிடுவது என்பதில் வெள்ளத்துக்கு அஞ்சும் கமக்காரருக்கும், இறால் உள்ளே ஏற வேண்டும் என்று காத்திருக்கும் மீனவருக்கும் விருப்பம் ஒன்றாக இராது. அதை ஒருவர் இரவில் மண்வெட்டியோடு போய்த் தீர்மானிக்க விடாமல், மாரி தொடங்குவதற்கு முன்னரே இரு தரப்பையும் இருத்திப் பேசி, நீர்க்கம்பத்தின் எந்த அளவில் திறப்பது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்வதே சிறந்த வழி.

நடந்து காத்தல்

வாகனத்தில் போகிறவர் பாதையை மட்டுமே காக்கிறார். சுற்றுக்காவல் கால்நடையாக இருக்க வேண்டும். குறைந்தது இருவராகச் செல்ல வேண்டும். நாளும் நேரமும் வழியும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் காவலர் வருவார் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், மற்ற ஆறு நாட்களும் வேட்டைக்காரனுக்குரியவை ஆகிவிடும். நிலவில்லாத இரவுகளும், நீண்ட விடுமுறை நாட்களும், மழை விட்ட மறுநாட்காலையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டியவை.

களப்போரத்தில் தேட வேண்டியது பறவைக்காகக் கட்டிய வலையை. விடியுமுன் போனால், இரு கம்புகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் மெல்லிய நைலோன் வலையை வானத்தின் வெளிச்சத்தில் கண்டுபிடிக்கலாம். மீன்பிடியிலே தடை செய்யப்பட்ட தங்கூசி வலை கைவிடப்பட்டுக் கிடந்தால் அதையும் அகற்ற வேண்டும். யாரும் இழுக்காத போதும் அது மீனையும் ஆமையையும் கொன்றுகொண்டே இருக்கும். பற்றைக் காட்டுப் பக்கத்தில் கம்பிச் சுருக்கும், இரைக்குள் மறைத்த பன்றி வெடியும், நூல் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கும் வைக்கப்படுகின்றன. கட்டுத்துவக்கு மனிதனையும் பன்றியையும் வேறுபடுத்தி அறியாது. பாதைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டிய நூலையோ கம்பியையோ கண்டால் அதை அவிழ்க்க முயலாமல் பின்வாங்குங்கள்.

கண்டதைக் கண்ட இடத்திலேயே எழுதும் பழக்கம் காவலின் உயிர். திகதி, நேரம், ஜி.பி.எஸ். புள்ளி, கண்ட பொருள், எடுத்த நடவடிக்கை, உடனிருந்தவர் பெயர் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். பொருளைத் தொடுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்போது நிற்பது அந்தக் குறிப்புத்தான். எதுவும் காணாத நாளையும் எழுத வேண்டும், ஏனெனில் பத்து முறை நடந்து ஒரு சுருக்குக் கண்டதற்கும் ஒரு முறை நடந்து ஒரு சுருக்குக் கண்டதற்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. கைது செய்யும் அதிகாரம் உத்தியோகத்தருக்கே உரியது. ஊர்த் தொண்டர்கள் எவரையும் மறிக்காமல், திணைக்களத்தின் 1992 என்ற அவசர இலக்கத்துக்கோ அண்மையில் உள்ள அலுவலகத்துக்கோ அறிவித்தால் போதும்.

தீ, அந்நியச் செடிகள், கட்டாக்காலிகள்

சோளகம் வீசத் தொடங்கிய பின் தீத்தடுப்புப் பாதை வெட்டப் புறப்படுவது பயனற்றது. சித்திரையிலேயே சருகும் காய்ந்த காவோலையும் அள்ளி, மண் தெரியும்படி பாதையைத் துப்புரவாக்கி முடித்திருக்க வேண்டும். காற்று வரும் தென்மேற்குப் பக்கத்தை முதலில் செய்யுங்கள்.

பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் கையுறையும் முகக்கவசமும் அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். நாகதாளியை வெட்டி அங்கேயே போட்டால் ஒவ்வொரு துண்டும் முளைக்கும். சீமைக்கருவேலத்துக்கு அடிமரத்தை வெட்டுவது மட்டும் போதாது, தூரையும் தோண்ட வேண்டும்; தென்னிலங்கையின் புந்தலவில் 1950களில் உவர்நிலத்தைத் திருத்தவென்று கொண்டுவரப்பட்ட அந்த மரம், பின்னர் அந்தப் பூங்காவுக்கே பெருந்தொல்லையாக மாறியது. கட்டாக்காலி மாடுகளைப் பொறுத்தவரை, உரிமையாளரோடு பேசி மேய்ச்சல் தரையைத் தீர்மானிக்காமல் விரட்டுவதில் பயனில்லை. நெடுந்தீவில் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த குதிரைகளும் மாடுகளும் கோடையில் ஒரே நீருக்குப் போட்டியிடுகின்றன. அங்கே தொட்டிகளை நிரப்புவதும் பழைய கேணிகளைத் தூர்வாருவதுமே பூங்காக் காவலின் பெரும்பகுதி.

கண்டல் நடுவதற்கு முன்

இலங்கையில் கண்டல் நடுகை எவ்வளவு தோல்வியடைந்திருக்கிறது என்பதைப் பலர் அறிவதில்லை. 2017 இல் வெளியான ஓர் ஆய்வு 23 நடுகை இடங்களைப் பார்த்தது. அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நடப்பட்ட 1,000 முதல் 1,200 வரையான ஹெக்டயரில் தேறியது 200 முதல் 220 வரையான ஹெக்டயர் மட்டுமே. கன்றுகள் தவறான மட்டத்தில் நடப்பட்டதும், எங்கு பார்த்தாலும் ஒரே இனக் கண்டலையே குத்திவிட்டுப் பின்னர் திரும்பிப் பாராததும் முதன்மைக் காரணங்கள்.

ஆகவே, கண்டல் இல்லாத சேற்றைக் கண்டவுடன் நடத் தோன்றினால் முதலில் கேட்க வேண்டியது, அங்கே அது ஏன் தானாக முளைக்கவில்லை என்பதையே. வீதியோ அணையோ நீரோட்டத்தை மறித்திருந்தால், ஒரு மதகைத் திறந்துவிடுவது ஆயிரம் கன்றுகளுக்குச் சமம். விதைகள் நீரோடு வந்து தாமே ஊன்றிக்கொள்ளும். உப்பு மிகுந்த இடத்தில் வெண்கண்டல் தாங்கும் அளவுக்கு மற்றவை தாங்குவதில்லை. பறவைகள் மேயும் திறந்த சேற்றுவெளியிலும் கடற்புல் படுக்கையிலும் ஒருபோதும் நடக் கூடாது. அது ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை உருவாக்கும் முயற்சி, பெரும்பாலும் இரண்டும் கெட்டுப்போகும். நட்டே ஆக வேண்டிய இடத்தில், மூன்று ஆண்டுகளுக்கு யார் வந்து பார்ப்பார் என்பதை முடிவு செய்த பின்னரே குழி தோண்டுங்கள்.

எண்ணுதல்

வலசைப் பறவைகள் ஐப்பசியில் வரத் தொடங்கிப் பங்குனி வரை தங்குகின்றன. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நடப்பதால், நாமும் அந்த மாதத்தில் எண்ணினால் நம் எண்கள் மற்ற நாடுகளின் எண்களோடு சேர்ந்து பொருள் தரும். ஒரே இடங்களில், ஒரே நேரத்தில், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நின்று எண்ணுங்கள். பெருங்கூட்டமென்றால் பத்துப் பறவைகள் எவ்வளவு இடம் அடைக்கின்றன என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தை அளவுங்கள். இருவர் தனித்தனியே எண்ணி, முடிந்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

பூநாரைகள் மேய்வதை நிறுத்தித் தலைகளை ஒன்றாக நிமிர்த்தினால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். ஓரடிகூட முன்வைக்காமல் நின்று, மெதுவாகப் பின்னே வாருங்கள். நெடும்பயணத்துக்காகச் சேர்த்த கொழுப்பை அவை ஒவ்வொரு முறை கலைந்து பறக்கும்போதும் இழக்கின்றன. படம் எடுப்பதற்காக ட்ரோன் பறக்கவிட அனுமதி கேட்டு வருபவர்களிடம், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும் என்பதோடு இதையும் சொல்லித் திருப்பி அனுப்பலாம்.

எண்ணிய தாளின் ஒரு பிரதி திணைக்களத்துக்குப் போக வேண்டும். இன்னொன்றைக் கட்டைக்காடு, வெற்றிலைக்கேணி, மருதங்கேணி ஊர்களின் கடற்றொழிலாளர் சங்க அறிவித்தல் பலகைகளில், அந்த ஆண்டின் நீர்மட்ட அளவுகளோடு சேர்த்து ஒட்டுங்கள். களப்பில் நாள்தோறும் வள்ளம் விடுபவர்கள் அதைப் படித்துவிட்டு, எந்த எண் சரி, எந்த மூலையை நாம் பாராமல் விட்டோம் என்று வந்து சொல்லுவார்கள். அடுத்த ஜனவரியில் அந்த மூலையிலிருந்து எண்ணத் தொடங்கலாம்.