கார் இன்சூரன்ஸ் கிளைம்ல சர்வேயர் (சேதத்த மதிப்புப் போட கம்பெனி அனுப்புறவரு) எஸ்டிமேட்ட கொறச்சுப் போட்டா என்ன பண்ணணும்?
உடனே தலையாட்டிடாதீங்க. சர்வே ரிப்போர்ட் காப்பி கேட்டு வாங்கி லைன் லைனா பாருங்க, தேய்மானத்துக்குப் புடிச்சிருக்காங்களா இல்ல பார்ட்டயே விட்டுட்டாங்களான்னு, ஏன்னா ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கவர்) இல்லாத பாலிசில பிளாஸ்டிக் பம்பருக்கு 50% போயிடும், அதுக்கு சண்ட போட்டுப் பிரயோஜனமில்ல, ஆனா கண்ணாடிக்கு தேய்மானமே கிடையாது. எனக்கு ஹெட்லைட் கிளாம்ப் ஒடஞ்சு தொங்குது, வெறும் ரிப்பேர்னு எழுதிட்டாங்க, பம்பரக் கழட்டி உள்ள போட்டோ எடுத்து மெயில் போட்டு மறுபடி பாக்கச் சொன்னேன், புதுசுக்கு ஒத்துக்கிட்டாங்க. ஒடஞ்ச பார்ட்ட தூக்கிப் போட மட்டும் விட்றாதீங்க! மசியலன்னா கம்பெனி குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க, ஒரு மாசத்துல பதில் வரலன்னா இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற அதிகாரி) கிட்ட போங்க, பீஸ் கிடையாது, வக்கீலும் வேணாம், ஒரு வருஷத்துக்குள்ள போயிடணும்.