அம்புக்கே முதற்காசு: வன்னியில் போட்டி வில்வித்தை பழகத் தொடங்குகிறவர்களுக்கு

வில்வித்தைச் சாமான் வாங்கப் போகிறவர்களில் அநேகர் முதலில் வில்லைத்தான் பார்க்கிறார்கள். நிறம், வடிவம், எத்தனை இறாத்தல் என்று எல்லாம் பார்த்து முடித்து, மிஞ்சிய காசுக்கு ஏதோ ஓர் அம்புக்கட்டை வாங்குகிறார்கள். இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றுங்கள். சுமாரான வில்லாக இருந்தாலும் அம்பு பொருந்தினால், விட்டது எல்லாம் ஒன்றையொன்று நெருங்கி விழும். விலை கூடிய வில்லில் பொருந்தாத அம்பை ஏற்றினால் அது பக்கவாட்டில் அலைந்துகொண்டே போகும். பிழை கையிலா சாமானிலா என்று உங்களுக்கும் தெரியாது, பழக்குகிறவருக்கும் தெரியாது.

நான் பேசுவது ரிகர்வ் வில்லைப் பற்றி, அதாவது நுனிகள் முன்பக்கம் திரும்பி வளைந்த வில். 1972இலிருந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து இருக்கிற வகை அதுதான். வெளிக்களப் போட்டியில் 70 மீற்றர் தூரத்தில் 122 சென்ரிமீற்றர் அகலமான இலக்குத்தாள் இருக்கும். அதில் 10 புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்ரிமீற்றர். உள்ளரங்கப் போட்டி 18 மீற்றரில், 40 சென்ரிமீற்றர் தாளில் நடக்கும். இதெல்லாம் பிறகு. தொடக்கத்தில் 10 மீற்றர் தாராளம்.

படி 1: முதலில் உங்களை அளவெடுங்கள்

எந்தக் கண் முந்துகிறது என்று பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவே சின்னத் துளை விட்டு, அதனூடாகத் தூரத்துப் பனையொன்றின் வட்டைப் பாருங்கள். இப்போது இடது கண்ணை மூடுங்கள். வட்டு அப்படியே தெரிந்தால் உங்களுக்கு வலது கண் முந்துகிறது. மறைந்தால் இடது. வலது கண்காரர் வலதுகை வில் வாங்க வேண்டும், அதாவது இடது கையால் பிடித்து வலது கையால் இழுக்கும் வில். கையும் கண்ணும் வேறுபட்டால் பெரும்பாலும் கண்ணின் பக்கம் போவதே நல்லது. தொடக்கத்திலேயே பழகினால் கை சீக்கிரம் ஒத்துவரும்.

அடுத்தது இழுப்பு நீளம். சுவரில் முதுகு சாய்த்து இரண்டு கைகளையும் விரித்து நில்லுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மற்றதுவரை அங்குலத்தில் அளந்து 2.5ஆல் வகுங்கள். 65 அங்குலம் வந்தால் இழுப்பு நீளம் 26 அங்குலம். இது கிட்டத்தட்டக் கணக்குத்தான், ஆனாலும் முதல் வில்லுக்குப் போதும். 24 முதல் 26 வரை வருகிறவருக்கு 64 அல்லது 66 அங்குல வில், 28 வரை 66 அல்லது 68, அதற்கு மேல் 70. வில் கட்டையாக இருந்தால் நாண் விரலைக் கூராக நெரிக்கும், விடும்போது இடறும்.

படி 2: இலேசான வில்லை எடுங்கள்

லிம்ப் என்கிற வில்லின் இரண்டு கைகளிலும் ஓர் எண் எழுதியிருக்கும். 28 அங்குலம் இழுக்க எத்தனை இறாத்தல் விசை வேண்டும் என்பது அது. உங்கள் இழுப்பு 26 என்றால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 இறாத்தல் வீதம் குறைத்துப் பாருங்கள். 24 என்று எழுதிய லிம்ப் உங்கள் கையில் 20தான்.

பெரிய ஆண்பிள்ளைக்கு 20 முதல் 24, பெண்களுக்கும் பதின்ம வயதினருக்கும் 16 முதல் 20, சின்னவர்களுக்கு 10 முதல் 14. தம்பிமார் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். மண்வெட்டி பிடித்த கைக்கு 20 இறாத்தல் ஒன்றுமேயில்லை என்று தோன்றும். ஆனால் வில் இழுப்பது புயத்தால் அல்ல, தோள்பட்டைக்குப் பின்னாலுள்ள தசையால். அந்தத் தசை உழைக்கப் பழகாத வரைக்கும் பாரமான வில் தோளை உயர்த்தும், நாடியை முன்னுக்குத் தள்ளும். அப்படி ஒட்டிக்கொண்ட பழக்கத்தைக் கழற்றுவது பெரும்பாடு. நான் சொல்லும் சோதனை இதுதான்: முழுதாக இழுத்துப் பத்து எண்ணும்வரை நடுங்காமல் பிடியுங்கள், மெதுவாகத் தளர்த்துங்கள், இதையே சிலமுறை செய்யுங்கள். முடியாவிட்டால் அந்த வில் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

கழற்றிப் பூட்டும் வில்லாகப் பார்த்து எடுங்கள். நடுக்கட்டையான ரைசர் அப்படியே இருக்க, பலம் கூடும்போது லிம்பை மட்டும் மாற்றலாம். மர ரைசர் தொடங்குவதற்குப் போதும். உலோக ரைசர் வாங்க வசதி இருந்தால் லிம்ப் பூட்டும் பொது அளவான ஐஎல்எஃப் பொருத்து உள்ளதாகக் கேளுங்கள். அதில் எந்தக் கம்பனியின் ஐஎல்எஃப் லிம்பும் பூட்டும், பழையதை விற்பதும் இலகு.

படி 3: அம்பு

இங்கேதான் காசு போக வேண்டும், நேரமும் போக வேண்டும்.

நாணை விட்டதும் அம்பு நேராகப் பாய்வதில்லை. பின்னாலிருந்து தள்ளும் விசையாலும் விரல் நழுவுவதாலும் அது முதலில் வளைகிறது, மற்றப் பக்கம் வளைகிறது, அப்படி நெளிந்துகொண்டே ரைசரைச் சுற்றி வெளியேறுகிறது. இந்த நெளிவு உங்கள் வில்லின் பலத்துக்கு ஒத்துப்போக வேண்டும். அதற்கான அளவுதான் ஸ்பைன். 28 அங்குல இடைவெளியில் அம்புத்தண்டைத் தாங்க வைத்து, நடுவில் 1.94 இறாத்தல் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்று பார்ப்பார்கள். ஓர் அங்குலம் தொய்ந்தால் 1000, அரை அங்குலம் தொய்ந்தால் 500. எண் பெரிதானால் அம்பு நெகிழ்வானது. 20 இறாத்தலைச் சுற்றிய வில்லுக்கு 1000ஓ அதைவிடப் பெரிய எண்ணோ வேண்டும். கடைக்காரர் 500ஐத் தந்து “இது நல்ல உறுதி” என்றால் வாங்காதீர்கள். அந்த உறுதியே அம்பை ஒரு பக்கம் தள்ளும்.

நீளமும் சேர்ந்தே பேச வேண்டிய விசயம். தண்டு நீண்டால் நெகிழ்வு கூடும், வெட்டினால் உறுதியாகும். தொடங்குகிறவர் இழுப்பு நீளத்துக்கு மேல் 2 அங்குலம் விட்டு வாங்குங்கள். நின்று பழகப் பழக இழுப்பு கூடும். அம்பு கட்டையாகி முனை ரெஸ்டுக்கு (ரைசரில் அம்பு தங்கும் தாங்கி) உள்ளே வந்துவிட்டால், விடும்போது அது பிடிகையில் ஏறலாம். மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் இது.

அலுமினியமா காபனா? முதல் கட்டுக்கு அலுமினியம் என்பது என் எண்ணம். தண்டில் 1616 என்று இருந்தால், முதல் இரண்டு இலக்கமும் குறுக்களவு (அங்குலத்தில் 64இல் 16 பங்கு), மற்ற இரண்டும் சுவரின் தடிப்பு (அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு). அலுமினியம் வளைந்தால் மேசையில் உருட்டிப் பார்த்தவுடன் தெரியும். காபன் இலேசு, வேகம், வளையாது. ஆனால் உள்ளே வெடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாது. அப்படி வெடித்த அம்பு விடும்போது சிதறினால் சிலாம்பு கையில் ஏறிவிடும். காபன் வைத்திருப்பவர் ஒவ்வொரு முறை பிடுங்கிய பின்னும், காதுக்குப் பக்கத்தில் மெதுவாக வளைத்துத் திருகிப் பாருங்கள். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டாலும் அந்த அம்பை முறித்து எறியுங்கள். ஒட்டிப் பாவிக்கும் எண்ணமே வேண்டாம்.

நொக் என்கிற பின்பிளவு நாணில் ‘கிளிக்’ என்று ஏற வேண்டும், அம்பைத் தொங்கவிட்டு நாணை இலேசாகத் தட்டினால் விழ வேண்டும். தட்டாமலே விழுந்தாலும் பிழை, பலமாகத் தட்டியும் விழாவிட்டாலும் பிழை. எல்லா அம்பும் ஒரே நீளம், ஒரே முனை, ஒரே இறகாக ஒரு டசின் எடுங்கள்.

படி 4: சில்லறைச் சாமான்

நாண் இழுக்கும் விரல்களுக்கு டாப் என்கிற தோல்துண்டு, முன்கைக்குக் காப்பு, இடுப்பில் அம்புக்கூடு, நாணேற்றும் கயிறு. இந்த நான்கும் முதல் நாளே வேண்டும். குறிபார்க்கும் சைட், வில்லை ஆடாமல் வைக்கும் ஸ்டெபிலைசர், இழுப்பு முடிந்ததைச் சத்தத்தால் காட்டும் கிளிக்கர் எல்லாம் பொறுத்து வாங்கலாம்.

படி 5: இடமும் இலக்கும்

20 இறாத்தல் வில்லும் மேல்நோக்கி விட்டால் நூறு மீற்றரைத் தாண்டும். ஆகவே இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் முதற்கேள்வி. வெட்டு முடிந்த வயல் நல்லது, நாலு பக்கமும் வெளிச்சமாகத் தெரியும். குளக்கட்டைப் பார்த்தால் இயற்கைத் தடுப்புப்போல இருக்கும். ஆனால் அதன்மேல் ஆளும் மாடும் நடமாடும், மறுபக்கம் யார் ஏறி வருகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வன்னியில் மிதிவெடி இன்னும் முழுதாக அகற்றி முடியாத துண்டுகள் இருக்கின்றன. சிவப்பு எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ உள்ள பக்கம் நோக்கி நிற்கவே வேண்டாம். புது இடமென்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் கிராம சேவையாளரிடமும் கேளுங்கள். பழக்கமில்லாத பற்றைக்குள் அம்பு போனால் போனதுதான், தேடிப் போகாதீர்கள். கீழே சந்தேகமான பொருள் எதைக் கண்டாலும் தொடாமல் விலகிப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

இலக்குக்குக் கடையில் விற்கும் நுரைக்கட்டி தேவையில்லை. காலபோக வெட்டு முடிகிற மாசி, பங்குனியில் வைக்கோல் தாராளமாகக் கிடைக்கும். நன்றாகக் காய்ந்ததை உரப்பைக்குள் காலால் மிதித்து மிதித்து இறுக்குங்கள். பழைய உடுப்புகளை நடுவில் அடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் தெறியும் சிப்பும் வெட்டி எடுத்துவிடுங்கள், அம்புமுனை அதில் பட்டால் திரும்பிப் பாயும். இறுக்கம் போதாவிட்டால் அம்பு ஊடுருவிப் போகும் என்பதால், முதலில் கிட்ட நின்று ஓரிரு அம்பு விட்டுப் பாருங்கள். பையை நிலத்தில் வைக்காமல் கல்லில் ஏற்றி வையுங்கள். இல்லையென்றால் கறையான் ஏறிவிடும். மாரிக்கு முன்னரே கொட்டிலுக்குள் எடுத்துவிடுங்கள்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையே பழகுங்கள். வெயில் ஏறக் காற்றும் ஏறும். அலையும் காற்றில் இலேசான அம்பைக் கொண்டு கை திருத்த முடியாது.

படி 6: விடுவதற்கு முன் ஒவ்வொரு நாளும்

நாணேற்றும் கயிற்றைப் பாவித்தே நாண் பூட்டுங்கள். காலுக்குள் விட்டு வளைத்தால் லிம்ப் முறுகிவிடும், முறுகிய லிம்ப் சரிவராது. பூட்டியதும் ரைசர் பிடியின் குழிவிலிருந்து நாண்வரை உள்ள இடைவெளியை அளந்து குறித்து வையுங்கள். 66 அங்குல வில்லுக்கு 8¼ முதல் 8¾ அங்குலம், 68க்கு 8½ முதல் 9. வில்லோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தொடக்க வில்லில் வரும் டாக்ரன் என்கிற பொலியெஸ்டர் இழை நாண் நீளக்கூடியது. நாண் நீள இந்த இடைவெளி குறையும், அம்பு விழும் இடமும் மாறும். நாணைக் கழற்றிச் சில சுற்று முறுக்கிப் பூட்டினால் பழைய அளவுக்கு வரும். மர ரைசர் வில்லுக்கு, இழுபடாத இழையில் செய்த வேகமான நாண் வாங்கி மாட்டாதீர்கள். நுனி உறுதிப்படுத்தாத லிம்ப் அதைத் தாங்காது.

நொக் ஏறும் குறி, ரெஸ்டிலிருந்து செங்கோணத்தில் கால் முதல் அரை அங்குலம் மேலே இருக்கட்டும். அந்தக் குறியைக் கட்ட, முல்லைத்தீவுப் பக்கம் வலை பொத்துகிற மெல்லிய நைலோன் நூல் அருமையாகப் பொருந்தும்.

நாண் மயிர் எழும்பினால் மெழுகு கேட்கிறது. தேன் எடுக்கிறவர்களிடம் தேன்மெழுகு வாங்கி, தேன் போகக் கழுவி உருக்கி வடித்து வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பூசி, சூடேறும்வரை விரலால் உருவினால் உள்ளே இறங்கும். நடுவில் நூல் சுற்றிய பகுதிக்குப் பூச வேண்டாம். ஓர் இழை அறுந்திருந்தாலும் நாணை மாற்றுங்கள்.

அம்பில்லாமல் இழுத்து விடக் கூடாது. அம்பு கொண்டுபோக வேண்டிய விசை முழுவதும் லிம்புக்கே திரும்பும். பார்க்க வருகிற பிள்ளைகள் முதலில் செய்வது இதைத்தான், வில்லைக் கைக்கெட்ட வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

படி 7: வெயில், புழுதி, மாரி

லிம்ப் என்பது மரமும் பைபர்கிளாசும் பசையால் ஒட்டிய அடுக்கு. ஏ9 வீதியோரம் கண்ணாடி மூடி வெயிலில் நிறுத்திய வானுக்குள் கிடந்தால் பசை இளகி அடுக்குப் பிரியும். வில்லை உங்களோடு இறக்கி நிழலுக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் நாண் கழற்றி, படுக்கையாகவோ இரண்டு ஆணியில் கிடையாகவோ வையுங்கள். மூலையில் நுனி ஊன்றிச் சாய்த்தால் முறுகும். தகரக் கூரைக்குக் கீழேயுள்ள பரணும் கூடாது.

செம்புழுதி ஆணித்துளைக்குள்ளும் லிம்ப் பொருத்துக்குள்ளும் போய் அரைக்கும். காய்ந்த துணியாலும் பழைய பற்தூரிகையாலும் துடையுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் ஆணிகளுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள், லிம்பிலும் நாணிலும் படாமல். மழையில் நனைந்தால் அன்றே துடைத்துக் காற்றாட விடுங்கள், உறைக்குள் ஈரமாகப் பூட்டாதீர்கள்.

படி 8: முதற் போட்டிக்கு

ஒவ்வோர் அம்பின் தண்டிலும் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே சுற்றில் விடும் அம்புகளின் இறகும் நொக்கும் ஒரே நிறமாக இருக்க வேண்டும், தண்டு 9.3 மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக் கூடாது. கூடவே ஓர் உபரி நாணைக் கொண்டுபோங்கள். அதை முன்கூட்டியே பூட்டி, சில நாள் அதிலேயே பழகி, இடைவெளியும் நொக் குறியும் சரிபார்த்துச் சுருட்டி வைத்திருங்கள். புது நாண் போட்டிக் களத்தில் நீளும்.